பிச்சையம்மாள் வீட்டில் எதுவும் தங்காது

பிச்சையம்மாள் இறந்துபோன அன்று மத்தியானம், நீர்மாலை எடுக்கத் தேடினால் வீட்டில் குடம் இல்லை.

பந்தல் போட்டாகிவிட்டது. கொட்டுக்காரர்களும் வந்து வேப்பமரத்தடியில் மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மகன் நாகேந்திரன் ஊருணியில் முங்கி எழுந்து, குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து தாயைக் குளிப்பாட்ட வேண்டும். அவன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, "சுகந்தி, அந்தப் பித்தளக் குடம் எங்கன?" என்று மனைவியிடம் கேட்டான்.

காலையிலிருந்து அழுது முகம் வீங்கிப்போயிருந்த சுகந்தி, பரணைப் பார்த்தாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது. ஆவணி மாதம், மண்டபம் அகதி முகாமில் இருக்கும் டிலக்ஷனாவின் கல்யாணத்துக்கு அந்தக் குடத்தை மாமியார் சீராகக் கொடுத்தனுப்பிவிட்டாள். புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, பஸ்ஸில் ஏற்றிவிட்டதே சுகந்திதான்.

"அதத்தான் ஒங்க அம்மா குடுத்துட்டாகளே" என்று சொல்ல வாயெடுத்தாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துப் பார்த்தாள். அடங்கவில்லை. கூடத்தில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "மாமியா போன ஏக்கத்துல புள்ளைக்கு என்னமோ ஆகிப்போச்சு" என்று ஒருத்தி தண்ணீர் எடுக்க ஓடினாள். நாகேந்திரன் ஒரு நிமிடம் விழித்தான். பிறகு அவனும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அண்டை வீட்டுக் குடத்தை வாங்கித்தான் அன்றைக்குக் காரியம் நடந்தது.

புளியேந்தல் என்கிற அந்த ஊர், இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் போகும் சாலையில் உச்சிப்புளிக்கு முன்னாலேயே உள்ளே பிரிந்துவிடும். மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் மிளகாய், அதுவும் பொய்த்தால் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் என்று பிழைக்கிற ஊர். இருளாண்டிக்கு வாக்கப்பட்டு அங்கே வந்தவள் பிச்சையம்மாள். அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்காததால், அவள் பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரியிடம் தூக்கிக் கொடுத்து, ஒரு முறம் தவிட்டைப் போட்டுத் திரும்ப வாங்கி, அந்தப் பெயரை வைத்தார்களாம். "நானே தவுட்டுக்கு வாங்குன ஆளு. என் வீட்டுச் சாமானுக்கு மட்டும் என்ன வெல கெடக்கு?" என்பாள்.

சுகந்தி பரமக்குடிக்காரி. அவளுடைய அப்பா டீக்கடை வைத்திருந்தார். கண்ணாடி டம்ளர் ஒன்று குறைந்தாலும் கடையைப் பூட்டாமல் தேடுகிற மனிதர். அந்த வீட்டில் வளர்ந்தவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள்.

வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெருவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புகையில், எதிரே தன்னுடைய மயில்கழுத்து நிறச் சேலை நடந்து வருவதைப் பார்த்தாள். உள்ளே வேறொருத்தி இருந்தாள். நிறைமாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்த அந்தப் பெண், இவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

சுகந்தி குடத்தை இறக்காமலே மாமியார் முன்னால் போய் நின்றாள்.

"அயித்தே, அது ஏஞ் சேல."

"ஆமாத்தா. அந்தப் புள்ளைக்கு இன்னைக்கு வளகாப்பு. கட்டிக்கிற நல்லது ஒண்ணு இல்லன்னு வந்து அழுதுச்சு."

"அப்ப ஒங்க சேலயக் குடுத்திருக்க வேண்டியதுதான?"

பிச்சையம்மாள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "ஏஞ் சேலயெல்லாம் கிழிசலுத்தா. கிழிஞ்சதக் குடுத்தா அதுக்குப் பேரு குடுக்குறதா? அது கழிக்கிறது."

சுகந்தி கொல்லைப் பக்கம் போய் அழுதாள். ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த மாமனார் இருளாண்டி, அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். பிறகு கயிற்றைப் போட்டுவிட்டு, "வா ஆத்தா" என்று உள்ளே அழைத்துப்போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். திறந்து காட்டினார். ஒரு டார்ச் லைட், மடிப்புக் கலையாத வேட்டி ஒன்று, சவரப் பெட்டி, பழநியில் வாங்கிய விபூதிச் சம்புடம். அந்த வீட்டில் அவரால் காப்பாற்ற முடிந்தது அவ்வளவுதான்.

"இதுல எடம் கெடக்கு. ஒனக்குப் பிரியமானத இதுல போட்டு வையி. சாவி என் அர்ணாக்கொடியில கெடக்கும். அவளுக்கு மட்டும் தெரியப்படாது."

அன்றிலிருந்து மாமனாரும் மருமகளும் ஒரு கட்சி. பிச்சையம்மாளுக்குப் பெட்டி இருப்பது தெரியும். ஒருநாளும் சாவியைக் கேட்டதில்லை. ஆனால் இருளாண்டி காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முதல் வேலையாக, கரிமூட்டம் போடுகிற குடும்பம் ஒன்று துணிமணி வைக்க இடமில்லாமல் சாக்கில் கட்டி வைத்திருக்கிறது என்று சொல்லி, அந்தப் பெட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். உள்ளே இருந்த சுகந்தியின் சாமான்களை மட்டும் ஒன்றுவிடாமல் எடுத்துக் கட்டிலில் அடுக்கி வைத்திருந்தாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவளை ஏதோ தெய்வப்பிறவி என்று நினைத்துவிடக் கூடாது. வாய் நீளம். வயலில் களை எடுக்கிறவர்கள் ஒரு செடியை மிதித்துவிட்டால், அவர்களுடைய மூன்று தலைமுறையை இழுத்துவிடுவாள். அதே வாயால் மதியம் அவர்களைக் கூப்பிட்டுத் தன் தூக்குச் சட்டியைத் திறப்பாள். தாயம் விளையாடினால் கள்ளாட்டம்தான். தாயக்கட்டையை உருட்டிவிட்டு, அது நிற்பதற்குள் "தாயம்" என்று கத்திக் காயை நகர்த்திவிடுவாள். பேத்தி, சுகந்தியின் மகள் கவிப்ரியா, சின்ன வயதில் இதற்காக அவளோடு கட்டிப் புரண்டிருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். டவுனுக்குப் போனால் பன்னீர் சோடா குடிக்காமல் திரும்ப மாட்டாள். அதை மட்டும் யாருக்கும் ஒரு வாய் கொடுக்க மாட்டாள்.

ஏன் இப்படி எடுத்தெடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று சுகந்தி ஒருமுறை கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிச்சையம்மாள் மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்:

"வீட்ல வச்சு என்ன செய்யச் சொல்ற? முட்டையா விடப்போகுது?"

அதற்கு மேல் அந்தப் பேச்சில் அவளுக்கு ஆர்வம் இல்லை.

ஞானாம்பிகை அந்த வீட்டுக்கு வந்தது இரண்டாயிரத்து ஆறாம் வருடம். இலங்கையில் மறுபடி சண்டை மூண்டு, படகு படகாகச் சனங்கள் இக்கரைக்கு வந்துகொண்டிருந்த நேரம். பிச்சையம்மாள் மண்டபத்தில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்விட்டு, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மருந்து வாங்க வந்தவள். புருஷன் வரும் வழியிலேயே பிரிந்துபோய் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. முகாமுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

பிச்சையம்மாள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்து வந்த பஸ்ஸில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு புளியேந்தலுக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு மறுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்ததும், பிச்சையம்மாள் ஞானாம்பிகையைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினாள். அவள் கூச்சத்தோடு தலையசைத்தாள்.

"வேண்டாம் அம்மா. எனக்குத் தேத்தண்ணி மட்டும் காணும்."

இலங்கையில் தேத்தண்ணி என்றால் தேநீர், காணும் என்றால் போதும். பிச்சையம்மாளுக்கு அது எப்படித் தெரியும்? ஊருணித் தண்ணீர் கலங்கல். அதைத் தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைத்துத்தான் அந்த ஊரில் குடிப்பார்கள். தேத்தின தண்ணியைக் காணோம் என்று இந்தப் பெண் தேடுகிறாள் என்று நினைத்துவிட்டாள்.

"எங்கயும் போகலத்தா, இந்தா இருக்கு" என்று தெளிந்த தண்ணீர்ப் பானையையே தூக்கிவந்து முன்னால் வைத்தாள். ஞானாம்பிகை பானையைப் பார்த்தாள், பிச்சையம்மாளைப் பார்த்தாள். மரியாதைக்கு ஒரு செம்பு குடித்தாள்.

"இப்பவும் காணுமா?"

"ஓம் அம்மா, காணும்."

"என்னத்தா இது, பானைய முன்னால வச்சுக்கிட்டே காணும்ங்குற!"

சுகந்திதான் நடுவில் புகுந்து, சாடை பேசி, விஷயத்தைக் கண்டுபிடித்தாள். டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தபோது ஞானாம்பிகை சிரித்துக்கொண்டிருந்தாள். கடல் தாண்டி வந்த பிறகு அன்றுதான் முதன்முதலில் சிரித்ததாகப் பின்னால் ஒருநாள் சுகந்தியிடம் சொன்னாள்.

பொழுது சாயும் நேரத்தில்தான் அவளுக்குத் திடீரென்று நினைவு வந்தது. முகாமில் சாயங்காலம் ஆள் சரிபார்ப்பார்கள். அவள் பதறி எழுந்தாள். நாகேந்திரன் தன் டிவிஎஸ் ஐம்பதை எடுத்தான். பின்னால் ஞானாம்பிகை, அவள் மடியில் பிள்ளை. கிளம்பும் நேரத்தில், "ஒத்தையில ஒரு பொம்பளப் புள்ளைய நீ கூட்டிட்டுப் போனா பாக்குறவுக என்ன நெனைப்பாக?" என்று பிச்சையம்மாளும் ஒரு சாக்கு மிளகாயை மடியில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். உச்சிப்புளி தாண்டும்போது வண்டி பெருமூச்சு விட்டது. மேட்டில் நாகேந்திரன் இறங்கித் தள்ளினான். ஆனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாசலில் நின்ற காவலரிடம் பிச்சையம்மாள், "இது எங்க வீட்டுப் புள்ள. காச்சலாக் கெடந்துச்சு. நாந்தேன் கூட்டிட்டுப் போனேன். வையிறதா இருந்தா என்னய வையிங்க" என்றாள். அவர் வையவில்லை. அவருக்கும் ஒரு கை மிளகாய் கிடைத்தது.

அன்றிலிருந்து மண்டபத்துக்கும் புளியேந்தலுக்கும் போக்குவரத்து நிற்கவில்லை. காய்ச்சலில் வந்த அந்தப் பிள்ளைதான் டிலக்ஷனா.

வருடங்கள் ஓடின. கவிப்ரியா படித்து, சென்னையில் வேலை பார்த்து, அங்கே கூட வேலை பார்த்த வசந்தகுமாரையே கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். பையன் வீடு சாயல்குடிப் பக்கம். அவன் அப்பா காளீஸ்வரன் சிமெண்ட் கடை வைத்திருந்தார். கௌரவம் பார்க்கிற மனிதர். அதனால் கல்யாணத்தில் ஒரு குறையும் வந்துவிடக்கூடாது என்று சுகந்தி ராப்பகலாக யோசித்தாள். அவள் பயந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: மாமியார் கண்டவர்களையெல்லாம் கூப்பிட்டுவிடுவாளோ என்று. மாமியாரிடம் மொத்தமாகப் பத்திரிகைக் கட்டைக் கொடுக்காமல், சொந்தத்துக்கு மட்டும் என்று சொல்லிப் பத்தே பத்து கொடுத்தாள்.

"பத்திரிகை எதுக்கு? வாயி இல்லையா?" என்றாள் பிச்சையம்மாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது. இலவச முகாமில் நாற்பது ஐம்பது கிழவன் கிழவிகளோடு இரண்டு நாள் தங்கியிருந்தாள். அவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டாள். மிளகாய்ச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டாள். வருடா வருடம் அவளிடம் மட்டுமே குண்டு மிளகாய் வாங்குகிற கீழக்கரைக் காலிதாவைக் குடும்பத்தோடு வரச் சொன்னாள். மண்டபம் முகாம் சனங்களைக் கூப்பிட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களை எல்லாம் கூப்பிட்டாள்.

முகூர்த்தம் முடிந்து தாலி ஏறியபோதே அம்மன் கோயில் மண்டபம் பிதுங்கியது. முதல் பந்தியில் சுகந்தி எட்டிப் பார்த்தாள். ஒரு வரிசை முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்ட கிழவர்களும் கிழவிகளும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கீழக்கரையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பின்னாலேயே ஷேர் ஆட்டோக்கள் வந்துகொண்டே இருந்தன.

இரண்டாம் பந்தி நடக்கும்போது சமையல்காரர் தங்கப்பாண்டி, கரண்டியும் கையுமாக வந்து அவளைத் தனியே அழைத்தார்.

"அக்கா, அண்டாவுல கரண்டி தட்டுது. மாப்ள வீட்டுக்காரக இன்னும் ஒக்காரவே இல்ல."

அந்தப் பேச்சு எப்படியோ காளீஸ்வரன் காதுக்குப் போய்விட்டது. அவர் பட்டு வேட்டி சரசரக்க வந்து நின்றார். "என்னம்மா இது? பொண்ணு வீட்டுல சோறு பத்தலைன்னு நான் ஊருக்குள்ள போயி எப்பிடிச் சொல்றது?" என்றார். நாகேந்திரன் கையைப் பிசைந்தான். மணமேடையில் இருந்த கவிப்ரியா இங்கே நடப்பதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். இருபத்தைந்து வருடக் கோபமும் ஒன்றாகத் திரண்டு, மாமியாரைத் தேடிக்கொண்டு சுகந்தி மண்டபத்துக்குள் பாய்ந்தாள்.

அதற்குள் பாட்டு நின்றுபோனது. மைக் செட்காரரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு பிச்சையம்மாள் நின்றிருந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஏப்பா, எல்லாரும் கேளுங்க. நாந்தேன் பிச்சையம்மா பேசுறேன்" என்றது ஒலிபெருக்கி. கோயில் மரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. "எம் பேத்தி கல்யாணத்துக்கு நான் கூப்புட்ட ஆளு கூடிப்போச்சு. எம் மருமக மேல தப்பில்ல. சமையக்காரரு மேல தப்பில்ல. நாந்தேன். இப்பச் சோறு பத்தல. அரிசி இருக்கவுக அரிசி கொண்டாங்க. காயி இருக்கவுக காயி கொண்டாங்க. ஒண்ணும் இல்லாதவுக கையக் கொண்டாங்க. சாப்புட்டவுக அப்பிடியே பஸ் ஏறிப் போயிறாதீக. வெங்காயம் உரிக்கணும்."

சுகந்தி நட்டநடு மண்டபத்தில் நின்றுவிட்டாள். மாமியார் யாரிடமும் எதையும் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. இப்போது ஊர் முழுக்கக் கேட்கும்படி கேட்கிறாள். குரலில் ஒரு கூச்சமும் இல்லை. யாரையோ வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல்தான் இருந்தது.

பிறகு மண்டபம் எழுந்தது. ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். சைக்கிளிலும் தலையிலுமாக அரிசி வந்தது. முன்பொருநாள் மயில்கழுத்துச் சேலை கட்டி நடந்தவள், தன் மகனை விட்டு ஒரு மூட்டையைப் பைக்கில் கொண்டுவந்து போட்டாள். காலிதா தன் வேனை உச்சிப்புளிச் சந்தைக்கு அனுப்பினாள். "மாஷா அல்லாஹ், பிச்சை அக்கா மைக்குல என்னமாப் பேசுறாக" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்காய் அரிய உட்கார்ந்தாள். வேப்பமர நிழலில், புகைக்குத் தள்ளி, கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் கண் கரித்ததாகத் தெரியவில்லை. ஞானாம்பிகையும் முகாம் பெண்களும் ஓர் அடுப்பைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டு, தேங்காய் துருவிப் பாலெடுத்துச் சொதி வைத்தார்கள். அந்த ஊர்க் கல்யாணத்தில் அதற்கு முன் யாரும் சொதி கண்டதில்லை.

காளீஸ்வரன் மட்டும் மடித்துக் கட்டாத வேட்டியோடு ஓரமாக நின்றார். பிச்சையம்மாள் அவரிடம் போனாள்.

"சம்பந்தி, நல்ல ஒசரமா இருக்கீக. இந்தக் குட்டப் பயலுகளுக்கு அண்டா எட்ட மாட்டேங்குது. ஒரு கை பிடிங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேர் வேலை செய்யும்போது மறுக்க வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, துடுப்பை வாங்கினார். முதலில் கடுகடுவென்றுதான் கிண்டினார். பிறகு, "உப்பு கம்மியா இருக்கே" என்றார். பிறகு பெருங்காயம் எங்கே என்று கேட்டார். அதற்கப்புறம் தங்கப்பாண்டியையே பக்கத்தில் விடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுந்தபோது மணி மூன்றாகிவிட்டது. பசியில் சாப்பிட்டதாலோ என்னவோ, அப்படியொரு சாப்பாடு சாப்பிட்டதில்லை என்றார்கள். சொதியை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்கள். காளீஸ்வரன் இன்றைக்கும் தன் கடைக்கு வருகிறவர்களிடம், "எம் மகன் கல்யாணத்துக்கு நாந்தான் சாம்பார் வச்சேன்" என்று சொல்கிறாராம். சோறு பத்தாமல் போனது மட்டும் அவர் சொல்கிற கதையில் வராது.

எல்லாரும் போன பிறகு, மாமியாரை நாலு கேள்வி கேட்டே தீர்வது என்று சுகந்தி வந்தாள். பிச்சையம்மாள் மண்டபத்துத் தூணில் சாய்ந்து, காலை நீட்டிப் பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தாள்.

"கோவமா இருக்கியாத்தா?"

"இருக்கேன்."

"நாளைக்கு வையி. இன்னைக்கு முடியல."

சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். வீங்கியிருந்த அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிச்சையம்மாள் சோடா பாட்டிலைப் பார்த்தாள். பாதி இருந்தது. அதை மருமகளிடம் நீட்டினாள். மறுநாள், மாமியார் சொன்னபடியே சுகந்தி வைதாள். பிச்சையம்மாளும் தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சுகந்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கிவிடுவது. ஒரு போர்வை வீட்டுக்கு, ஒன்று போவதற்கு. நாகேந்திரன் முனகினான். "முன்னால மட்டும் என்ன, ஒண்ணு வாங்கி ஒண்ணு போனதுக்கப்புறம் இன்னொண்ணு வாங்கலையா? இப்ப அலைச்சலாச்சும் மிச்சம்" என்று அவன் வாயை அடைத்தாள்.

போன வருடம் பிச்சையம்மாளுக்குக் கால் தளர்ந்தது. கவிப்ரியா சென்னையிலிருந்து, பிடித்துக்கொண்டு நடக்கிற வாக்கர் ஒன்றை வாங்கி அனுப்பினாள். ஒரு வாரம் அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனாள். அடுத்த வாரம் அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் போனது, இடுப்பு ஒடிந்து படுத்திருந்த மருதுபாண்டிக் கிழவர்.

"அயித்தே!" என்றாள் சுகந்தி.

"அவன் எந்திரிச்சா டீக்கடைக்குப் போவான், நாலு பேர்ட்டப் பேசுவான். நான் நடந்து எங்கனத்தா போகப்போறேன்? எல்லாரும்தான் என்னயப் பாக்க இங்கன வாராகளே."

அது உண்மைதான். அவளைப் பார்க்க வருகிறவர்களுக்கு டீ போட்டே சுகந்திக்குக் கை ஓய்ந்துபோனது. வாக்கரை இரண்டாக வாங்காதது தன் தப்புதான் என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். இன்னொன்று வந்தது.

தை மாதம் ஒரு காலையில், மருமகள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "சீனி கொஞ்சம் தூக்கல்" என்று குறை சொல்லிப் படுத்த பிச்சையம்மாள், அப்படியே போய்விட்டாள். கீழக்கரை, மண்டபம், சாயல்குடி என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஞானாம்பிகை வந்து, "அம்மா, என்னை விட்டிட்டுப் போட்டீங்களே" என்று அழுதபோது ஊரே அழுதது. சாயங்காலம் வரை வேப்பமரத்தடியில் சனங்கள் அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுப் பெரியவர்கள் அடிக்கடி அதட்ட வேண்டியிருந்தது.

கருமாதி முடிந்ததும், தாயின் சாமான்களைப் பிரித்துக்கொள்வது வழக்கம் என்று திருப்பூரிலிருந்து வந்திருந்த மகள் மாரிச்செல்வி அலமாரியைத் திறந்தாள். இரண்டு சேலைகள் இருந்தன. ஒரு மூக்குக் கண்ணாடி இருந்தது. தாயக்கட்டை ஒரு சோடி இருந்தது. மாரிச்செல்வி ஒரு சேலையை எடுத்துக்கொண்டு, மற்றொன்றைச் சுகந்தியின் கையில் வைத்தாள். தாயக்கட்டையைக் கவிப்ரியா எடுத்துக்கொண்டாள். பங்கு பிரிப்பு அத்தோடு முடிந்து, எல்லாரும் காப்பி குடித்தார்கள்.

பங்குனியில் ஒருநாள் வெயில் நேரத்தில் ஓர் அம்மாள் வந்து வாசலில் நின்றாள். தேவிபட்டினம் பக்கம் ஊராம்.

"பிச்சையம்மா அக்கா எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி தாரேன்னு சொல்லியிருந்தாக. அந்தா, அந்தச் செவலக் குட்டி."

சுகந்தி குட்டியைப் பார்த்தாள், வந்தவளைப் பார்த்தாள்.

"அக்கா, அது மாசியிலதான் பொறந்துச்சு. எங்க அயித்த தையிலயே போயிட்டாக."

வந்தவள் முகம் தொங்கிப்போனது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கத் திரும்பினாள். சுகந்திக்கு என்னவோ போலானது.

"வெயில்ல எங்கன போறீக? உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்."

டீ குடிக்கும்போது அந்த அம்மாள் உண்மையைச் சொன்னாள். பிச்சையம்மாளைப் பஸ்ஸில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். ஜன்னலோர இடத்துக்கு இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. இராமநாதபுரம் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார்களாம். இறங்கும்போது, "ஒரு நா வீட்டுக்கு வா, சும்மா அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். சண்டையில் பிச்சையம்மாள் என்னென்ன சொன்னாள் என்று அந்த அம்மாள் குரலை மாற்றிப் பேசிக் காட்டினாள். அச்சு அசலாக இருந்தது. சுகந்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

செவலைக் குட்டியைச் சுகந்தி கொடுக்கவில்லை. அடுத்த ஈற்றில் ஒரு பெட்டைக் குட்டியாகப் பார்த்துத் தருவதாகச் சொன்னாள். வந்தவளும் தலையாட்டிவிட்டு, அதற்குள் இன்னொரு தடவை வந்து போவதாகச் சொன்னாள். பேச்சு சுவாரசியத்தில் அவளுடைய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், சுகந்தி இன்னொரு ஆழாக்கு அரிசி போட உள்ளே போனாள்.